தக்காளிக்குள் வைத்தது

ஆகஸ்ட் 16, திங்கள்

விடிந்ததிலிருந்தே புழுக்கம். தண்ணீர் லாரி ஏழரைக்கு வந்தது. நாலு குடம் பிடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. கம்பெனிக்கு இருபது நிமிஷம் தாமதம். செக்கிங் மேஜையில் சட்டைகள் குவிந்து கிடந்தன, காலர் தையல் எல்லாம் கோணல். யாரைச் சொல்வது. முதுகு விட்டுப்போச்சு.

ஆடி இன்றோடு முடிகிறது. அதற்காகத்தான் காத்திருந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை சண்முகம் வீட்டார் வருகிறார்கள் என்று ஜெசிந்தா சொன்னாள். சொல்லிவிட்டுக் கழுவின டிபன் பாக்ஸையே மறுபடி கழுவினாள். இருபத்தெட்டு வயது, ஆறு வருஷமாக இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை, மேனேஜரையே எதிர்த்துப் பேசுகிறவள். என் பெண்ணை அப்படி நான் பார்த்ததில்லை.

பையன் நல்லவன். பூந்தமல்லி தாண்டி ஊர், ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். அப்பாவுக்கும் சம்மதம். அம்மா கற்பகம்தான் இரண்டு வருஷமாக இறங்கவில்லை. வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிற வீடு என்பது ஒன்று, நம் வீட்டில் கறி மீன் புழங்குவது இன்னொன்று. அந்த அம்மாள் சுத்த சைவம். இப்போது, “நான் போயி அவங்க ஊட்ல கை நனைக்கிறேன், அப்பால பாக்கலாம்” என்றிருக்கிறாள்.

கை நனைத்தால் சம்மந்தம். ஒரு வாய் தண்ணீரோடு எழுந்துவிட்டால் இல்லை. எங்கள் பக்கமும் அதே வழக்கம்தான், அதனால் எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம்.

ஆக, நான் வைக்கும் இலையில் இருக்கிறது என் பெண்ணின் கல்யாணம். இனி தூக்கம் வந்த மாதிரிதான்.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

மழை வருவது போல் காட்டிவிட்டுப் போனது.

சாம்பார், ரசம், அவியல், வடை, பாயசம். எழுதிக் காட்டினேன். “இதெல்லாம் அவங்க தினம் சாப்பிடறதும்மா. உன் ஓவன் தக்காளி செய்” என்கிறாள் ஜெ. ஏற்கெனவே பெருமையடித்து வைத்திருக்கிறாள், எங்கம்மா தக்காளியைக் குடைந்து உள்ளே மசாலா வைத்துச் சுடுவாள் என்று. அதற்குக் கற்பகம்மாள், “கத்திரிக்கா சுடுவாங்க, தக்காளிய யாரு சுடுவாங்க?” என்று கேட்டாளாம்.

நியாயமான கேள்வி. ஆவடியில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய அம்மாள் சொல்லிக்கொடுத்தது. வெள்ளிக்கிழமை சுத்தபோசனத்துக்கு நம் வீட்டில் அதுதான். கறி கூடாத நாளில், மீனும் வாங்க முடியாமல் போனால், தக்காளி. இருபது வருஷமாகச் செய்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

இவரிடம் சொன்னேன். இடுப்பு பிடித்து, பாடியில் பார்த்த கம்பெனி வேலையை விட்டு வந்ததிலிருந்து இவருக்கு வேலை, ஈஸிசேரும் ரேடியோவும். “ஒரு தக்காளிக்குப் போயி இம்மாம் அக்கப்போரா?” என்றார்.

“இந்த ஞாயிறு கறி கிடையாது” என்றேன். அதற்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 19, வியாழன்

ஒத்திகை. தோல்வி.

நாட்டுத் தக்காளி வாங்கியது என் புத்தி. மேலே மூடி மாதிரி வெட்டி, கரண்டிக் காம்பால் உள்ளே வழித்து, உப்புத் தடவிக் கவிழ்த்து வைத்தேன். ஓவனில் பத்தே நிமிஷம், எல்லாம் உட்கார்ந்துவிட்டது. குழம்பாகிவிட்டது என்றே சொல்லலாம். இவர் அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டு, நல்லாத்தானே இருக்கு என்றார். இந்த மனுஷருக்கு எது நல்லாயில்லை.

பெங்களூர்த் தக்காளிதான் வேண்டும். கெட்டியாக, அடி தட்டையாக, ஆடாமல் உட்காருவதாக.

நடுவில் ஃபியூஸ் போயிற்று. அந்த வட்ட ஓவன் பழசு, கம்பிச் சுருள் எப்போது வேண்டுமானாலும் காலை வாரும். மாடிப்படி இருட்டில் கீழ்வீட்டுக்காரி கத்தினாள், “இன்னாக்கா, அதுக்குள்ள கிறிஸ்துமஸா?”

டிசம்பரில் கேக் சுடும்போதுதான் இப்படிப் போகும். சிரிப்புக்கூட வரவில்லை.

ஆகஸ்ட் 21, சனி

ஷிப்மெண்ட். ஆறரை வரை விடவில்லை. கால் இரண்டும் வீங்கி செருப்புக்குள் நுழையவில்லை.

கறிச்சட்டி, மீன்சட்டி, அரிவாள்மணை எல்லாம் சாக்கில் கட்டிப் பரணில். சமையலுக்குப் புதுப் பாத்திரம் மூன்று. மேடையை சோடாப்பு போட்டு இரண்டு தரம் தேய்த்தேன். மூக்கை வைத்து முகர்ந்தேன். என் மூக்குக்கு என்ன தெரியும், பழகின மூக்கு. ஜெ. ஊதுவத்தி ஏற்றினாள். ஊதுவத்தியும் மீனும் சேர்ந்தது போல் இருக்கிறது என்றார் இவர். அடிக்கப் போனேன்.

வாங்கியது:
பெ. தக்காளி ஒன்றரை கிலோ (பொறுக்கி எடுத்தேன், கடைக்காரன் முறைத்தான்)
ரஸ்க் 1 பா.
பட்டாணி, கேரட், வெங்காயம்
வெண்ணெய்
மிளகு
முட்டை 2
வாழை இலை 6
வெற்றிலை பாக்கு
தயிருக்குப் பால் கூட ஒரு லிட்டர்

மாதாவே, நாளை ஒரு நாள் கரண்ட் போகாமல் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

கரண்ட் போகவில்லை. எழுதும்போதே கை ஓய்கிறது. ஆனால் எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டி, பூசைக்கு ஓடி, திரும்பி வந்து மீதி. பன்னிரண்டுக்கு வந்தார்கள். அப்பா, சண்முகம், அந்த அம்மாள். கற்பகம்மாள் சின்ன உருவம், நூல் புடவை, நெற்றி நிறைய விபூதி. சுவரில் திருஇருதய ஆண்டவர் படத்தைப் பார்த்ததும் கும்பிட்டாள். அப்புறம் சமையலறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். மோப்பம் பிடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும்.

இலை போட்டோம். தண்ணீர் தெளித்தாள். உட்கார்ந்துகொண்டே இருந்தாள். சோறு, பருப்பு, நெய். எல்லோரும் அவள் கையையே பார்க்கிறோம், பார்க்காத மாதிரி. சண்முகத்துக்கு வியர்த்து ஊற்றியது. பிசைந்தாள். சாப்பிட்டாள்.

கர்த்தருக்குத் தோத்திரம்.

தக்காளி வைத்தேன். விரலால் அமுக்கிப் பார்த்தாள். “இன்னாம்மா இது, குண்டாட்டம் நிக்குது! உள்ள வெச்சது உதிரவே இல்லியே!” ஒன்று முடிந்தது. இலையைப் பார்த்தபடியே, “சம்மந்திம்மா, இன்னொண்ணு வைங்க” என்றாள்.

சம்மந்திம்மா. ஜெ. சமையலறைக்குள் ஓடிப் போய்ப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் இன்னொன்று வைத்தேன். இவர்கூட எழுந்து நின்றுவிட்டார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

வெற்றிலை போடும்போது சொன்னாள். மூத்த பிள்ளை நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டானாம். அடுத்த வருஷமே சண்முகத்துக்கும் அதே காய்ச்சல், இரண்டு வயசு. “மாங்காட்டு அம்மன்கிட்ட ஓடனேன். இவன உட்டுடு, உசுரு உள்ளது எதையும் இனிமே வாயில வெக்கமாட்டேன்னு நேர்ந்துகினேன். எயுந்து உக்காந்தான். இருபத்தேழு வருசம். நான் ஒரு தபா தவறுனாலும் அவனுக்குத்தானே?”

சொல்லிவிட்டு, அதே மூச்சில், “அந்தத் தக்காளி எப்டி செய்றது, சொல்லுங்க” என்றாள்.

ரஸ்க் பொடித்து, காயை வேகவைத்து, வெங்காயம் வதக்கி, மிளகு. சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் உதிராமல் சேர்த்துப் பிடிக்க என்ற இடத்தில் என் நாக்கு நின்றது.

முட்டை. இரண்டு முட்டை அடித்து ஊற்றினேன். காலையில், இந்தக் கையால்.

தெரியாதா எனக்கு? என் செக்ஷனில் இரண்டு பேர் சைவம், முட்டை பஃப் வந்தால் தள்ளி உட்காருவார்கள். நன்றாகத் தெரியும். ஆனால் இந்தத் தக்காளி என் மண்டையில் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. சுத்தபோசனத்துக்கு முட்டை உண்டு. கறி இல்லையா, முட்டை. இருபது வருஷமாக அப்படித்தான். கை தன்பாட்டுக்குச் செய்துவிட்டது.

“எதுல பிசையறது?” என்று கேட்கிறாள்.

“தயிர்ல” என்றேன்.

ஆகஸ்ட் 23, திங்கள்

தலைவலி. வேலைக்குப் போனேன். பத்துச் சட்டையில் பொத்தான் இல்லாததைக் கவனிக்காமல் பாஸ் போட்டேன். திட்டு.

ஜெ.விடம் சொன்னேன். முகம் வெளுத்துப் போனாள். அப்புறம், “யாருக்கும் தெரியாதும்மா. விடு” என்றாள்.

“எனக்குத் தெரியுமே.”

“தெரியாம சாப்பிட்டா வேண்டுதல் முறியாது. சொன்னாத்தான் அவங்க பயப்படுவாங்க. யாருக்காகச் சொல்லப்போற? உன் நிம்மதிக்காகவா?”

அவள் சொல்வதில் தப்பில்லை. இன்னொன்றும் சொன்னாள், சண்முகமும் அவன் அப்பாவும் வெளியில் எல்லாம் சாப்பிடுகிறவர்களாம். சாப்பிட்டுப் போகட்டும். நேர்ந்துகொண்டது அவர்கள் இல்லையே.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கீழ்வீடு வரை போய்விடும்.

ஆகஸ்ட் 25, புதன்

சாயங்காலம் இடி, நல்ல மழை. கொடியில் போட்டதெல்லாம் நனைந்தது.

கற்பகம்மாளிடமிருந்து சேதி. வீட்டில் ஓவன் இல்லாததால் சட்டியில் மணலைக் கொட்டி, மேலே தட்டு வைத்து, தக்காளி செய்து பார்த்தாளாம். தயிர் விட்டதில் எல்லாம் கூழாகிவிட்டதாம். “சம்மந்திம்மா கைப்பக்குவம் எனக்கு வரல. சனிக்கியம வந்து கூட நின்னு கத்துக்கிறேன்” என்று சண்முகத்திடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

மணல் போட்டுச் சுட்டிருக்கிறாள், அந்த மனுஷி. சோற்றுத் தட்டை மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26, வியாழன்

வேலை விட்டு வந்து, முட்டை இல்லாமல் செய்து பார்த்தேன். வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்று, நன்றாக மசித்து. உதிரவில்லை. ருசியும் மோசமில்லை. இன்னும் சொல்லப்போனால் இதுதான் மேல்.

ஆக, வழி இருக்கிறது. சனிக்கிழமை இதைச் செய்து காட்டினால் போதும். தயிர் என்று அன்றைக்கு வாய் தவறிச் சொல்லிவிட்டேன் எனலாம். யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. ஜெ. என்னைக் கட்டிக்கொண்டாள்.

உருளைக்கிழங்கு என்று அன்றைக்கே ஏன் தோன்றவில்லை. வீட்டில் இரண்டு கிலோ கிடந்தது.

ஆகஸ்ட் 27, வெள்ளி

பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல. வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர். கால் வலி.

சாமியார் சொன்னார், தெரியாமல் போட்டது பாவமில்லை, தயிர் என்றது பொய். பரிகாரத்துக்கு மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம். “நிஜத்தைச் சொல்லிவிடவா சாமி?” என்றேன். “அவர்களுக்கு அது நன்மையா என்று யோசித்துச் செய்யம்மா” என்றார். பின்னால் யாரோ இருமினார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

யோசித்துச் செய்வதாம். அது தெரிந்தால் இங்கே ஏன் வருகிறேன்.

ஆகஸ்ட் 28, சனி

கற்பகம்மாள் பத்து மணிக்கே வந்துவிட்டாள். தனியாக, இரண்டு பஸ் மாறி. கூடையில் அவர்கள் தோட்டத்து முளைக்கீரை, ஜெ.வுக்கு மல்லிகை. ஜெ. வேலைக்குப் போயிருந்தாள், நான் லீவு போட்டிருந்தேன். இவரை முடிவெட்ட அனுப்பினேன். நாங்கள் இரண்டு பேர்தான்.

தக்காளியைக் குடைவதைக் குழந்தை மாதிரி பார்த்தாள். விதையை வீணாக்காமல் ரசத்துக்கு எடுத்து வைத்தேன், அது அவளுக்குப் பிடித்தது. உருளைக்கிழங்கை மசித்துப் போட்டேன்.

“அன்னிக்கி தயிர்னீங்களே?”

“மறந்து சொல்லிட்டேன். கிழங்குதான்.”

இரண்டாவது பொய். முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

ஓவனில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். அவள் பேசிக்கொண்டே பூக் கட்டினாள். “எங்க ஊட்ல ரெண்டு ஆம்பளைங்களும் வெளிய துன்றாங்க. சட்டைல வாசன வருது. கேக்கறதில்ல நானு. எங்கிட்ட நெசம் சொல்ல அவங்களுக்குப் பயம். எல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறாங்க. ஒங்க ஊட்லதான் நம்பி உக்காந்தேன். இருபத்தேழு வருசத்துல வேற ஊட்ல துன்னது அன்னிக்கித்தான்.”

என்னால் முடியவில்லை. யோசிக்கவும் இல்லை. “அன்னைக்கு நான் முட்டை போட்டேன்மா” என்றேன்.

“இன்னா?”

“தக்காளிக்குள்ள. வேணும்னு போடல. வெள்ளிக்கிழமைப் பழக்கத்துல கை போயிடுச்சு. நீங்க கேட்டப்பத்தான் நினைவு வந்தது. பயந்து தயிர்னுட்டேன். இன்னைக்குப் போட்டது கிழங்குதான், இது சத்தியம்.”

பூவைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் குடத்துத் தண்ணீரை மொண்டு வாயைக் கொப்பளித்தாள். மறுபடி. மறுபடி. ஏழு நாள் ஆன பிறகு. நான் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது.

திரும்பி வந்து வாசற்படியில் நின்று விரலை மடக்கி எண்ணினாள். “ஞாயிறு, திங்க, செவ்வா... இன்னியோட ஏயு நாளு. நேத்து வண்டி எடுத்துகினு வேலைக்குப் போனான். ராத்திரி அஞ்சு இட்லி துன்னான். அவனுக்கு ஒண்ணும் ஆவல.”

“ஒண்ணும் ஆகாதும்மா” என்றேன்.

“ஒண்ணும் ஆவலியே” என்றாள் மறுபடி. இப்போது குரல் வேறு. “அவன் தும்மனா, நேரம் கயிச்சி வந்தா, சைக்கிள்லேர்ந்து வியுந்தா, நான் இன்னாத்த துன்னேன்னு யோசிப்பேன். எல்லாம் என் வாயிலதான் கீதுன்னு இருந்தேன். அப்ப நான் காப்பாத்தலியா அவன? இத்தினி வருசமும் சும்மாவா?”

நான் அழுதேன். அவள் அழவில்லை.

“சொல்லாம உட்டிருக்கலாமே நீ” என்றாள். நீங்க போய் நீ ஆகிவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். கூடை, கீரை, பாதி கட்டின பூ எல்லாம் இங்கேயே.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தக்காளி எல்லாம் கருகிப் போயிற்று.

ஜெ. வந்தாள். சொன்னேன். “நல்லா இரும்மா” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

மப்பு. மழை இல்லை.

பூசையில் மனம் நிற்கவில்லை. ஜெ. என்னோடு வரவில்லை, பேசவில்லை, நான் வைத்த காப்பியைத் தொடவில்லை. இவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இவருக்கே என்ன சொல்வதென்று தெரியாமல் ரேடியோவை அணைத்துவிட்டார். நான் பிழைகாரிதான். எந்தப் பிழைக்கு என்பதுதான் தெரியவில்லை, முட்டை போட்டதற்கா, சொன்னதற்கா.

நாலு மணிக்குச் சண்முகம் வந்தான். தலையெல்லாம் தூசி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கூடையை எடுத்துப்போக வந்தானாம். ஜெ. அறைக் கதவைத் திறந்து நின்றாள்.

“அம்மா நேத்து யாரோடவும் பேசலீங்க. அடுப்பு பத்தவெக்கல. காலைல எயுந்து மாங்காட்டுக்கு நடந்தே போனாங்க. வந்துதான் சொன்னாங்க.” கூடையைக் கையில் எடுத்தான். “நானும் சொல்லிட்டேன் அம்மாகிட்ட. வெளிய சாப்புடறத. இன்னா நெனச்சாங்களோ, தலையில ஒண்ணு போட்டாங்க.”

“அப்புறம்?” என்றாள் ஜெ.

“புதுசா நேர்ந்துகினாங்க. நாப்பத்தெட்டு நாளு, ஒரு வேள சாப்பாடு. அது முடிஞ்சி ஐப்பசி பொறந்ததும் தேதி வெக்கலாம்னு சம்மந்திம்மாகிட்ட சொல்லச் சொன்னாங்க.” அவன் ஜெ.வைப் பார்க்கவில்லை, கூடையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “இந்தத் தபா எனக்கு மட்டும் இல்ல. ஜெசிந்தாவுக்கும் சேத்து நேர்ந்துகினாங்களாம். ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னு.”

ஜெ. அப்படியே கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கையைத் தட்டிவிடவில்லை.

சண்முகம் போன பிறகு இவரிடம் சொன்னேன். அந்த அம்மாள் இந்த வயதில் நம் பெண்ணுக்காகப் பட்டினி கிடக்கிறாள். இந்த வீட்டிலும் நாற்பத்தெட்டு நாள் எதுவும் கிடையாது. பரணில் இருப்பது பரணிலேயே இருக்கட்டும்.

இவர் பரணை அண்ணாந்து பார்த்தார்.

“மீனுமா, பிலோ?”

“மீனும்.”

“சரி. கருவாடு?”

நான் வாளியை எடுத்தேன். கம்பெனி யூனிஃபாரம் ஊறவைக்க வேண்டும்.